மண்சரிவு வரைபடமும் லயன் வாழ்வும்

மீரியபெத்த மலைச்சரிவு ஆபத்தானது என்பது 2014 ஒக்டோபர் 29 காலையில்தான் தெரியவந்த செய்தி அல்ல. இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் லயன்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. மண்சரிவு ஆபத்தை வரைபடமாக்கும் பணி இந்த நாட்டில் முதன்முதலில் தொடங்கிய மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அறிவு இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. மக்களும் அங்கேயே இருந்தார்கள்.

அன்று காலை ஏழு மணிக்குப் பிறகு மலை இறங்கியது. லயன்கள் சேற்றின் அடியில் போயின. பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்ததால் உயிர் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கானோர் என்று முதலில் சொல்லப்பட்டது. பல நாட்கள் கழிந்து, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக முப்பதுக்கு மேற்பட்டோர் என்று கணக்கு இறங்கி வந்தது. அந்தச் சரிவில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற எளிய கேள்விக்குக்கூட அந்த முதல் நாட்களில் உறுதியான பதில் யாரிடமும் இருக்கவில்லை.

எச்சரித்தும் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பது. மலைநாட்டுத் தோட்டப் பகுதியான மலையகத்தைப் பொறுத்தவரை இந்த விடை தவறானது, அநீதியானதும்கூட. மலையகத் தோட்டங்களில் வீடும் வேலையும் ஒரே முடிச்சு. ஒன்றை விட்டால் மற்றதும் போகும். மண்ணின் சரிவை அளக்கும் வரைபடம் இந்த முடிச்சை அளப்பதில்லை. பிழைப்பையும் ஓர் அடுக்காகச் சேர்க்காத ஆபத்து வரைபடம், ஆபத்தின் பாதியைத்தான் காட்டுகிறது. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

வரைபடம் எதை அளக்கிறது

1986-இலும் 1989-இலும் மத்திய மலைநாட்டில் ஏற்பட்ட பெரும் மண்சரிவுகளுக்குப் பிறகு, 1990-இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு மண்சரிவு ஆபத்து வலய வரைபடத் திட்டம் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கியது. இன்று பதுளை, நுவரெலியா, மாத்தளை, கண்டி, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை உள்ளிட்ட மாவட்டங்கள் மண்சரிவு அபாய மாவட்டங்களாகக் கொள்ளப்படுகின்றன.

இந்த வரைபடங்கள் ஆறு காரணிகளைப் பார்க்கின்றன: அடிப்பாறையின் தன்மையும் அமைப்பும், அதன் மேல் படிந்திருக்கும் மண், சரிவின் கோணம், நீரோட்டமும் வடிகாலும், நிலத்தின் வடிவம், நிலப் பயன்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டும்போது நிலம் நான்கு வகையாகப் பிரிகிறது. மண்சரிவுக்கு வாய்ப்பில்லாதது, ஓரளவு ஆபத்துள்ளது, சரிவை எதிர்பார்க்க வேண்டியது, சரிவு பெரும்பாலும் நிகழக்கூடியது.

முறை வலுவானது. மலைநாட்டின் பல சரிவுகளில், முன்னொரு காலத்தில் மேலிருந்து உருண்டு வந்த கல்லும் மண்ணும் அடிவாரத்தில் குவிந்து கிடக்கின்றன. இறுகாத அந்தக் குவியலுக்குள் நாட்கணக்கில் மழைநீர் இறங்கும்போது மண்துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏறுகிறது, துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் உராய்வு குறைகிறது, ஒரு கட்டத்தில் சரிவு தன் எடையைத் தானே தாங்க முடியாமல் போகிறது. எங்கே அப்படிப்பட்ட குவியல் இருக்கிறது, எங்கே நீர் தேங்கும் என்பதை நிலவியலாளர் முன்கூட்டியே குறித்துவிட முடியும். இந்த ஆறு காரணிகளில் பாறையும் கோணமும் நம் காலத்தில் மாறப்போவதில்லை. வடிகாலும் நிலப் பயன்பாடும் மட்டுமே மனிதர் கையில் இருப்பவை. தேயிலை மலைகளில் வெட்டப்பட்ட கான்கள் மழைநீரைச் சரிவுக்குக் குறுக்காக எடுத்துச்சென்று ஓடையில் விடுவதற்காகவே உள்ளன. கான் வெட்டுவதும் தூர் வாருவதும் தோட்டத்தின் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தவை. ஆளும் காசும் குறையும் தோட்டங்களில் முதலில் கைவிடப்படுபவையும் அவைதான். தூர்ந்த கானில் ஓட இடமில்லாத நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. எனவே ஒரு சரிவின் ஆபத்து, அந்தத் தோட்டத்தின் வேலைப் பட்டியலோடும் சேர்ந்தது.

அளவுத்திட்டமும் கவனிக்க வேண்டியது. இலங்கையின் மண்சரிவு வரைபடங்கள் 1:50,000, 1:10,000 என்ற இரு அளவுகளில் வரையப்பட்டுள்ளன. பத்தடி அகலமுள்ள பன்னிரண்டு காம்பராக்கள் (அறைகள்) கொண்ட ஒரு லயனை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 36.5 மீற்றர். முதல் அளவில் அது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. இரண்டாவதில் மூன்றரை மில்லிமீற்றர் அளவு. முதல் அளவில் பன்னிரண்டு குடும்பங்களின் வாழ்க்கை ஒரு பென்சில் முனையின் தடிப்புக்குள் அடங்கிவிடுகிறது. வலயத்தின் எல்லைக்கோடு லயனுக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா, நடுவே போகிறதா என்பதைத் தாளில் பார்த்துச் சொல்வது கடினம். அதைக் கள ஆய்வுதான் சொல்ல முடியும். ஒவ்வொரு லயனுக்கும் கள ஆய்வு போவதற்குக் காலமும் ஆளும் பிடிக்கும்.

வரைபடத்தோடு மழையளவும் இணைந்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் எச்சரிக்கை. 150 மில்லிமீற்றரைத் தொட்டால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், வெளியேற வேண்டும். இந்த எண்கள் தெளிவானவை, உயிர் காப்பவை. ஆனால் வெளியேறு என்ற கட்டளை, வெளியேறிப் போவதற்கு ஓர் இடமும் திரும்பி வருவதற்கு ஒரு வேலையும் உண்டு என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது.

ஆபத்தின் மற்றப் பாதி

அனர்த்த ஆய்வில் மூன்று சொற்கள் பிரித்துப் பேசப்படுகின்றன. இயற்கை நிகழ்வு தரும் அபாயம் ஒன்று. அதன் பாதையில் யாரும் எதுவும் இருப்பது இரண்டாவது. அடி விழுந்தால் தாங்கவோ மீளவோ முடியாத நலிவு மூன்றாவது. மூன்றும் சேர்ந்ததே ஆபத்து. பியர்ஸ் பிளேக்கி, டெரி கேனன், இயன் டேவிஸ், பென் விஸ்னர் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட நூல், இந்த மூன்றாவது கூறு இயற்கையால் வருவதல்ல, நிலவுரிமை, அதிகாரம், கூலி, அரசியல் ஆகியவற்றால் தலைமுறைகளாகக் கட்டப்படுவது என்று வாதிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ரொபர்ட் சேம்பர்ஸும் கோர்டன் கொன்வேயும் வாழ்வாதாரம் என்பதற்கு விரிவான ஒரு வரையறை தந்திருந்தார்கள். வருமானம் மட்டும் வாழ்வாதாரம் ஆகாது; ஒருவரின் திறமைகள், உடைமைகள், அவர் உரிமையோடு கேட்டுப் பெறக்கூடியவை, செய்யும் வேலைகள் எல்லாம் சேர்ந்ததே அது. அடி விழுந்தபின் மீண்டெழ முடிந்தால்தான் அது நிலைத்த வாழ்வாதாரம்.

இந்த இரண்டு சிந்தனைகளையும் ஒரு லயனுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால், மலையகத்தின் ஆபத்து வேறு வடிவில் தெரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களுக்காகத் தோட்ட உரிமையாளர்கள் கட்டியவை இந்த லயன்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை). எங்கே கட்டுவது என்பதைத் தோட்டத்தின் வசதி தீர்மானித்தது, குடியிருக்கப்போகிறவரின் பாதுகாப்பு அல்ல. நல்ல நிலம் தேயிலைக்குப் போக, மிச்சமிருந்த ஓரங்களிலும் அடிவாரங்களிலும் லயன்கள் எழுந்தன. 1948-இல் இந்த மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. கைமாற்றம் ஒவ்வொன்றிலும் லயனும் அதன் அடிநிலமும் தோட்டத்தின் சொத்தாகவே எழுதப்பட்டன. குடியிருந்தவர் பெயரில் எதுவும் எழுதப்படவில்லை.

இதன் விளைவு ஆபத்து மேலாண்மையில் நேரடியாகத் தெரிகிறது. மண்சரிவு மாவட்டங்களில் புதிதாக வீடு கட்ட வேண்டுமானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒப்புதல் தேவை என்ற நடைமுறை நல்லது. ஆனால் நூறு ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட லயன் எந்த ஒப்புதலுக்கும் விண்ணப்பிக்கப்போவதில்லை. பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு 2018-இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடச் சட்டம் தடையாக இருந்தது. பக்கத்துக் கிராமத்து வடிகாலையும் தாங்குசுவரையும் சபை கட்டிக் கொடுக்கும். அதே மலையில் இருக்கும் லயனுக்கு அந்தப் பணம் வராது. நீரோட்டமும் வடிகாலும் மண்சரிவின் காரணிகள் என்று வரைபடம் சொல்லும் நாட்டில், அந்த வடிகாலுக்கு யார் பொறுப்பு என்பதை எல்லைக்கோடு ஒன்று தீர்மானித்தது.

மழைநாளின் கணக்கு

எச்சரிக்கை வந்த ஒரு காலையைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று எப்படிக் கணக்கிடும் என்பதைப் பார்க்க வேண்டும். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மலைக்குப் போனால்தான் அன்றைக்குப் பெயர் விழும், அதாவது நாள் கூலி பதிவாகும். குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பெயர், பாதிக் கூலி. மழை தொடரும் நாட்களில் தேயிலை நன்றாகத் துளிர்க்கும். எனவே சரிவு நனைந்து கனக்கும் அதே நாட்களில் மலையில் வேலையும் இருக்கும். அன்று குடும்பத்தோடு பாடசாலைக்கோ கோயிலுக்கோ போய்த் தங்கினால் அந்த நாளின் கூலி போகும். வீட்டில் கறவை மாடு நின்றால் அதற்குப் புல் யார் அறுப்பது, பால் யார் கறப்பது? அடைமானத்துக்குப் போகாமல் மிச்சமிருக்கும் நகையும், பிறப்புச் சான்றிதழும், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்களும் பூட்டுச் சரியில்லாத காம்பராவுக்குள் கிடக்கும். பகலில் வயதானவர்கள் லயனில் இருப்பார்கள், கைக்குழந்தைகள் பிள்ளை மடுவத்தில் (குழந்தைக் காப்பகத்தில்) இருப்பார்கள். அவர்களை யார், எந்தப் பாதை வழியாகக் கூட்டிப்போவது?

இப்படி மூன்று முறை வெளியேறி மூன்று முறையும் மலை அசையாமல் இருந்தால், நான்காவது முறை யோசனை வரும். இது அறியாமை இல்லை. ஒவ்வொரு முறையும் உறுதியாக இழக்கும் ஒரு நாள் கூலியையும், எப்போதோ வரக்கூடிய ஒரு சரிவையும் எடைபோடும் மனிதரின் கணக்கு அது. மாதச் சம்பளக்காரருக்கு வெளியேறுவது அலைச்சல். நாள் கூலிக்காரருக்கு அது இழப்பு. எச்சரிக்கை தமிழில் தாமதமாக வருகிறது என்ற முறைப்பாடு மலையகத்தில் பலமுறை எழுந்திருக்கிறது. அந்தத் தாமதம் இருக்கிற சிறிது அவகாசத்தையும் தின்றுவிடுகிறது.

நிரந்தரமாக இடம் மாறுவதன் கணக்கு இன்னும் கடினம். தோட்டத்து வீடு, வேலையோடு சேர்ந்து வருவது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் போடும்வரைதான் காம்பராவில் குடும்பத்துக்கு உறுதியான இடம். அந்த இடத்தை விட்டுப் போகும்போது, மாட்டுப்பட்டி, லயனைச் சுற்றிப் பாடுபட்டு உண்டாக்கிய மரக்கறித் தோட்டம், பிள்ளைகள் நடந்து போகும் தமிழ்ப் பாடசாலை, கடன் தரும் கடை, கைமாற்றுக் கொடுக்கும் பக்கத்துக் காம்பரா எல்லாம் கூடவே போகின்றன. இவற்றில் எதற்கும் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாததற்கு இழப்பீடும் இல்லை.

மீரியபெத்தவில் உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பிறகு ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2016-இல் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. சுவரும் கூரையும் உறுதியான தனி வீடு என்பது லயனில் பிறந்தவருக்குப் பெரிய மாற்றம். அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் புதிய வீட்டிலிருந்து மலைக்கு எவ்வளவு தூரம், மாடு கட்ட இடம் உண்டா என்ற கேள்விகள், வீட்டின் உறுதியைப் போலவே அந்தக் குடும்பம் மீண்டெழுமா என்பதைத் தீர்மானிப்பவை. மலையக வீடமைப்பில் பல ஆண்டுகளாகப் பேசப்படும் ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு, கழிப்பறை, பாதை போக அதில் மிஞ்சுவது ஒரு சிறு கொல்லை.

2016 மே 17-இல் கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே நாளில் அதே மாவட்டத்தின் களுபஹன தோட்டத்தில் லயன்கள் புதைந்தன. அரநாயக்கக் கிராமத்தவருக்குச் சொந்த நிலம் இருந்தது. அரசு பணம் தர, தாங்களே இடம் பார்த்து வீடு கட்டும் வழி அவர்களுக்குத் திறந்திருந்தது. உரிமையாளர் தாமே கட்டும் திட்டம், முதலில் ஓர் உரிமையாளரைத் தேடுகிறது. லயன் குடியிருப்பாளர் அந்தப் படிவத்தின் முதல் கட்டத்தையே நிரப்ப முடியாதவர். மழையும் ஒன்று, மலையும் ஒன்று. மீளும் வழி மட்டும் வேறு.

கேரளத்திலும் இதே அமைப்பைக் காணலாம். 2020 ஓகஸ்ட் 6 இரவு, இடுக்கி மாவட்டம் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தோட்டக் குடியிருப்புகளின் மேல் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அங்கும் வீடு தோட்டத்துடையது, குடியிருக்கும் உரிமை வேலையோடு சேர்ந்தது. இரண்டு நாடுகள், இரண்டு சட்டங்கள், ஒரே தோட்ட முறை. நலிவு நிலத்தைவிட அந்த முறையிலிருந்தே பிறக்கிறது என்பதற்கு இந்த ஒப்பீடு போதும்.

வரைபடத்தில் சேர வேண்டியவை

ஆறு காரணிகளின் மேல் இன்னும் மூன்று அடுக்குகள் வேண்டும்.

முதலாவது, மக்கள். ஒவ்வொரு லயனும் எண்ணிடப்பட்டு, ஒவ்வொரு காம்பராவிலும் எத்தனை பேர், அவர்களில் நடக்க முடியாதவர், கர்ப்பிணி, கைக்குழந்தை எத்தனை என்பது பதிவாக வேண்டும். அந்தப் பதிவேட்டின் ஒரு படி தோட்டத்துக்கு வெளியே, பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும். மீரியபெத்தவின் முதல் நாட்களில் நேர்ந்த குழப்பம் இன்னொரு முறை நேரக்கூடாது.

இரண்டாவது, பிழைப்பு. காலை ஏழு மணிக்கு, நண்பகலில், இரவில் யார் எங்கே இருக்கிறார்கள்? கொழுந்து மலை, மடுவம், தொழிற்சாலை, பாடசாலை, மாட்டுப்பட்டி எங்கே? மழைநாளில் எந்தப் பாதை முதலில் தூர்ந்துபோகும்? இவற்றைத் தோட்டத்து மக்களே உட்கார்ந்து வரைய முடியும். எந்தக் கான் எப்போதிலிருந்து அடைபட்டது, எந்தச் சுவரில் விரிசல் வந்தது, எந்த ஊற்று இடம் மாறிக் கலங்கி வருகிறது என்பதை முதலில் காண்பவர்கள் அவர்கள்தான். நிலவியலாளர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து பார்க்கும் சரிவில் அவர்கள் தினமும் நடக்கிறார்கள். அந்த அறிவு வாய்ப்பேச்சாகக் கரைந்துவிடாமல் வரைபடத்தில் ஏற வேண்டும்.

மூன்றாவது, பொறுப்பு. வீட்டின் அடிநிலம் யாருடையது, வடிகாலைப் பராமரிக்க வேண்டியவர் யார், மாற்று நிலம் விடுவிக்க அதிகாரம் யாருக்கு, எந்தத் தேதிக்குள்? தோட்டக் கம்பனி, பிரதேச சபை, பிரதேச செயலகம், அமைச்சு ஆகியவற்றுக்கிடையே கோப்பு நகரும் ஒவ்வோர் ஆண்டும் மக்கள் அதே சரிவில் வாழும் ஆண்டு. 2005-க்கும் 2014-க்கும் இடையே கழிந்த ஒன்பது ஆண்டுகளில் அறிவியல் எதையும் மறைக்கவில்லை. செயல்படக் கடமைப்பட்டவர் பெயர் வரைபடத்தில் இல்லை.

இந்த அடுக்குகள் வரைந்து வைக்க மட்டும் அல்ல. அவற்றிலிருந்து நான்கு நடைமுறைகள் பிறக்க வேண்டும். வெளியேற்ற எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளுக்கு முழுப்பெயர் போடுவது சட்டமாக வேண்டும். மேலே சொன்ன கணக்கை மாற்ற இதைவிட நேரடியான வழி இல்லை. மழைக்காலத்துக்கு முன் கான் தூர் வாருவது கூலி வேலையாகவே பட்டியலில் ஏற வேண்டும். பாதுகாப்பும் வருமானமும் ஒன்றாக வரும் இடம் அது. மாற்றுக் குடியிருப்பு, வேலைத்தலத்துக்கு நடந்து போகும் தூரத்தில், கொல்லைக்கும் மாட்டுக்கும் இடத்தோடு அமைய வேண்டும். அதன் காணி உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும். ஆபத்து வலயம் என்று சான்றளிக்கப்பட்ட லயனைக் காலி செய்யக் கால எல்லை குறிக்கப்பட்டு, அதை மீறினால் நில உரிமையாளரும் நிர்வாகமும் பதில் சொல்லும் நிலை வர வேண்டும்.

இவற்றுக்கு நிலம் எங்கே என்ற கேள்வி எழும். ஆட்குறைவாலும் குறைந்த விளைச்சலாலும் கைவிடப்பட்டுக் காடாகிக் கிடக்கும் தேயிலை நிலம் பல தோட்டங்களில் உண்டு. அதில் எது பாதுகாப்பானது என்று சொல்ல இருக்கும் வரைபடங்களே போதும். ஆபத்தான இடத்தைக் காட்டும் அதே தாள் ஆபத்தில்லாத இடத்தையும் காட்டுகிறது. மக்களை அப்புறப்படுத்த மட்டுமே இதுவரை படிக்கப்பட்ட வரைபடத்தை, அவர்களுக்கு நிலம் தேடுவதற்காகவும் படிக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மண்சரிவால் கடுமையாகத் தாக்கப்பட்டன. வெப்பமடையும் வங்கக் கடலிலிருந்து வரும் பெருமழை இனிக் குறையும் என்று எதிர்பார்க்க இடமில்லை. மழையளவையும் பாறையின் சாய்வையும் நம்மால் மாற்ற முடியாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த மக்களுக்கு, உறுதியான மண்ணில் பத்திரத்தோடு ஒரு துண்டு நிலம் கொடுக்க நம்மால் முடியும். மலையகத்தின் ஆபத்து வரைபடத்தில் முதலில் மாற வேண்டியது நிலவுரிமை. மண்சரிவைத் தடுக்கும் வேலையின் தொடக்கம் காணிக் கச்சேரியில் இருக்கிறது.